பிளசர் காரும் எட்டு சிலிண்டர் ஆசையும்

எங்க அப்பா இன்னிக்கு வரைக்கும் கார்னு சொல்ல மாட்டார். பிளசர்னுதான் சொல்வார். திருமயம், ராயவரம், கடியாபட்டி சுத்துவட்டாரத்துல எழுபது தாண்டுன ஆளுங்க யார்கிட்டயாச்சும் பேச்சுக் குடுத்துப் பாருங்க, பாதிப்பேர் வாயில அப்படித்தான் வரும். பிளெஷர் கார்ங்கிறதுல காரைத் தூக்கிப் போட்டுட்டு பிளெஷரை மட்டும் வச்சுக்கிட்டாங்க. விவரமான ஆளுங்க.

போன வருஷம் நான் ஒரு பிளசர் வாங்கின கதைதான் இது. கொஞ்சம் நீளம். நடுவுல அமெரிக்கா வரைக்கும் போயிட்டு வருவோம், பயப்படாதீங்க.

அப்பாவுக்கு எழுபத்தஞ்சு ஆச்சு. ரெண்டு முழங்காலும் தேஞ்சு போச்சு. மாசத்துக்கு ஒரு தடவை திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல ஏத்தி விடுறதுக்குள்ள எனக்கே மூச்சு வாங்கும், அவருக்குக் கேக்கவே வேணாம். வாடகை வண்டி வச்சா ஒவ்வொரு தடவையும் பர்ஸ் பழுக்குது. அதனால ஒரு கார் வாங்கிடலாம்னு வீட்டுல தீர்மானம் ஆச்சு. கடன் வாங்காம கையில இருக்கிறதை வச்சு, மூணரை லட்சத்துக்குள்ள, பழைய கார். இதுதான் தங்கமணி போட்ட பட்ஜெட்.

இதுல என்ன பிரச்சினைன்னா, இருபத்தஞ்சு வருஷமா என் மண்டைக்குள்ள வேற ஒரு கார் ஓடிக்கிட்டிருக்கு.

இப்ப லேசா கொசுவத்தி சுத்திக்கிறேன். 2001, 2002 வாக்குல புதுக்கோட்டையில வாடகைக்கு சிடி எடுத்துப் படம் பாப்போம். அப்படிப் பாத்ததுதான் 'கான் இன் சிக்ஸ்டி செகண்ட்ஸ்'. நிக்கோலஸ் கேஜ் ஒரு ராத்திரியில ஐம்பது காரைத் திருடணும். அதுல கடைசியா வர்ற வண்டி 1967 மாடல் மஸ்டாங், எலினார்னு பேர் வச்சிருப்பாங்க. அது ஸ்டார்ட் ஆகுற சத்தம் கேட்டப்ப என் ஃப்ரெண்டு வீட்டு பிளாஸ்டிக் சேர் அதிர்ந்துச்சு (ஸ்பீக்கரை சேர் மேல வச்சிருந்தோம், அது வேற விஷயம்). அன்னிக்குப் பிடிச்ச பைத்தியம். அப்புறம் பிரவுசிங் சென்டர்ல ஒரு மணி நேரத்துக்குக் காசு குடுத்துட்டு, வேலை தேடாம, மஸ்டாங், சார்ஜர், கமாரோன்னு படமா பாத்துக்கிட்டிருப்பேன். ஒரு படம் முழுசா எறங்க அஞ்சு நிமிஷம் ஆகும். மொதல்ல கூரை வரும், அப்புறம் கண்ணாடி, அப்புறம் பானெட். அந்த அஞ்சு நிமிஷமும் சுகம்தான்.

தெரியாதவங்களுக்காக மசில் கார்னா என்னன்னு சொல்லிடுறேன். நம்மாளுங்க பலபேர் வேகமான கார், விலை ஜாஸ்தியான கார்னா மசில் கார்னு நெனச்சுக்கிறாங்க. ஃபெராரி வேகமா போகும், ஆனா அது மசில் கார் இல்ல. விஷயமே விலையிலதான் இருக்கு.

1964-ல போன்டியாக் கம்பெனி என்ன பண்ணுச்சுன்னா, டெம்பஸ்ட்னு ஒரு சாதாரண நடுத்தரக் குடும்பத்து வண்டிக்குள்ள, அவங்களோட பெரிய வண்டிக்குப் போடுற 389 கன அங்குல எஞ்சினைத் தூக்கி வச்சுட்டாங்க. நம்ம கணக்குல கிட்டத்தட்ட 6.4 லிட்டர். நம்ம மாருதி 800 வெறும் 796 சிசி, அப்ப எட்டு மாருதி எஞ்சின்னு வச்சுக்கங்க. அவங்க தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ், நடுத்தர வண்டியில 330 கன அங்குலத்துக்கு மேல எஞ்சின் போடக்கூடாதுன்னு சட்டமே வச்சிருந்துச்சு. ஜான் டிலோரியன் கூட்டாளிங்க, இது தனி மாடல் இல்ல, இஷ்டப்பட்டவங்க சேத்துக்கிற ஒரு ஆப்ஷன்தான்னு சொல்லி மேலிடத்துக்கு அல்வா குடுத்துட்டாங்க. அந்த ஆப்ஷனுக்கு விலை 295 டாலர். பேரு ஜிடிஓ. அந்தப் பேரையும் ஃபெராரிகிட்ட இருந்து சுட்டதுதான். ஐயாயிரம் வண்டி வித்தாப் போதும்னு நெனச்சாங்க, முதல் வருஷமே 32 ஆயிரத்துச் சொச்சம் போச்சு. யார் வாங்கினது? ஃபேக்டரியில வேலை பாக்குற பையன், காலேஜ் முடிச்ச பையன், பட்டாளத்துல இருந்து திரும்பி வந்த பையன்.

அதே வருஷம் ஏப்ரல்ல ஃபோர்டு மஸ்டாங் வந்துச்சு. விலை 2,368 டாலர். முதல் வருஷத்துல நாலு லட்சத்துக்கு மேல வித்துச்சு. சுத்தமான மசில் கார்க்காரங்க மஸ்டாங்கை அந்த வகையில சேக்க மாட்டாங்க, போனி கார்னு தனியா வைப்பாங்க. குட்டிக்குதிரை. இதுல ஒரு ரகசியம் சொல்றேன், அந்த விலைக்குக் கிடைச்ச அடிப்படை மஸ்டாங்குல எட்டு சிலிண்டர் கிடையாது. ஆறு சிலிண்டர், 101 குதிரைத்திறன், அவ்வளவுதான்! சினிமாவுல கர்ஜிக்கிற சமாச்சாரமெல்லாம் மேல காசு குடுத்தவங்களுக்கு. இந்த 101-ஐ மனசுல வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

அப்புறம் 426 ஹெமி, சார்ஜர், ரோட் ரன்னர்னு ஆறேழு வருஷம் திருவிழா. 1970-ல அமெரிக்காவுல புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துச்சு. இன்ஷூரன்ஸ்காரன் இளவட்டங்களுக்கு பிரீமியத்தைத் தாறுமாறா ஏத்தினான். 1973 அக்டோபர்ல அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தினதும் கதை முடிஞ்சுது. 1974 மஸ்டாங்ல எட்டு சிலிண்டர் எஞ்சினே கிடையாது. குட்டிக்குதிரை கழுதையாப் போச்சுன்னு இன்னமும் திட்டுறாங்க.

இங்கதான் கதை கடியாபட்டிக்குத் திரும்புது.

அப்பா 1970-ல அங்க ஒரு செட்டியார் வீட்டுல கிளீனரா சேந்து அப்புறம் டிரைவர் ஆனவர். அந்த வீட்டுல நின்னது 1951 மாடல் செவர்லே. செட்டிநாட்டு ஊர்கள்ல பர்மா தேக்கு, ஆத்தங்குடிக் கல்லு பத்தியெல்லாம் நெறையப் பேர் எழுதிட்டாங்க. அந்த வீடுகளோட கார் கொட்டகையைப் பத்தி யாரும் பேசுறதில்ல. அந்தக் காலத்துல செவர்லேயை ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயிலயே கோத்துத் தள்ளுனாங்க, 1928-ல இருந்து 1954 வரைக்கும். உதிரிபாகத்தை இங்கயே செய்யுறவன் மட்டும் கடை நடத்துன்னு நம்ம அரசாங்கம் சொன்னதும் கெளம்பிட்டாங்க. அதுக்கப்புறம் பெரிய அமெரிக்க வண்டி வேணும்னா தூதரகத்துக்காரங்க ஏலம் விட்டாத்தான் உண்டு. இம்பாலா அப்படித்தான் நம்ம சினிமாக்காரங்க கைக்கு வந்துச்சு. எம்.ஆர்.ராதா தன் இம்பாலாவுல வைக்கோல் ஏத்திட்டுப் போனார்னு ஒரு கதை உண்டே, கேள்விப்பட்டிருப்பீங்க. கேக்குறப்பல்லாம் எனக்குச் சிரிப்பு பாதி, வயித்தெரிச்சல் பாதி.

அப்பா ஓட்டுன செவர்லேக்கு ஆறு சிலிண்டர், மூணரை லிட்டர் எஞ்சின். கியர் லிவர் ஸ்டியரிங் பக்கத்துல இருக்கும், மூணே கியர். ஆச்சியையும் பிள்ளைகளையும் ஏத்திக்கிட்டு பிள்ளையார்பட்டி, மதுரைன்னு போயிட்டு வருவாராம். 1973 முடியுறப்ப பெட்ரோல் விலை ஏறிய ஏத்தத்துல முதலாளி கணக்குப் பாத்தார். வண்டியைக் கொட்டகையில விட்டுப் படுதாவைப் போட்டு மூடிட்டு அம்பாசடர் வாங்கிட்டார். டெட்ராய்ட்டுல மசில் காரைக் கொன்ன அதே எண்ணெய்தான் கடியாபட்டியில அப்பாவோட செவர்லேயையும் நிறுத்துச்சு. இதை நான் கண்டுபிடிச்சுச் சொன்னப்ப அப்பா பெருசா அசந்து போகல. “எல்லா ஊர்லயும் பெட்ரோலுக்குக் காசுதானடா குடுக்கணும்”னார்.

அவருக்கு எட்டு சிலிண்டர் சத்தத்தை யூடியூப்ல போட்டுக் காமிச்சேன். ஒரு நிமிஷம் கேட்டுட்டு, “சைலன்சர் போயிருச்சு போல”ன்னார். நல்ல வண்டிக்குச் சத்தமே வரக்கூடாது, சத்தம் வந்தா எங்கயோ கோளாறுன்னு அர்த்தம். இது அவர் கட்சி. என் ஆசைக்கு வீட்டுல இருக்கிற ஆதரவு இவ்வளவுதான்.

சரி, மஸ்டாங் வாங்க வழி இருக்கான்னு நான் யோசிக்காம இருந்தேனா? 2016-ல ஃபோர்டே இந்தியாவுல மஸ்டாங்கை இறக்குனாங்க. அஞ்சு லிட்டர், எட்டு சிலிண்டர், எல்லாம் சரி. விலை 65 லட்சம்! அன்னிக்கு எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. ஃபேக்டரிப் பையன் வாங்கணும்னு செஞ்ச வண்டியை இங்க ஜூவல்லரி முதலாளி வாங்கி வீட்டு வாசல்ல நிறுத்துறான். அது அப்பவே மசில் கார் இல்லாமப் போயிருச்சு. (எனக்குக் கிடைக்காததால சொல்றேன்னு நீங்க நெனச்சா, அதுவும் சரிதான்.)

அப்புறம் 2025 ஆரம்பத்துல ஒரு சேதி, ஐம்பது வருஷம் தாண்டின பழைய வண்டியை வெளிநாட்டுல இருந்து இறக்கலாம்னு விதியைத் தளர்த்திட்டாங்க. அதுக்கு முன்னாடி 1950-க்கு முந்தின வண்டிக்குத்தான் அந்தச் சலுகை. அப்படின்னா 1969 மஸ்டாங்கை சட்டப்படியே கொண்டு வரலாம்! ரெண்டு நாள் தூக்கம் இல்ல. ஆபீஸ்ல ஆணி புடுங்குறதை நிறுத்திட்டு கால்குலேட்டரும் கையுமா உக்காந்தேன். கார் விலை, கப்பல் கூலி, அதுக்கு மேல கார் விலையை விட ஜாஸ்தியா சுங்க வரி. சரி, லாட்டரி விழுந்து வாங்கிட்டோம்னே வைங்க. 2021-ல வந்த விண்டேஜ் வண்டி விதிப்படி பதிவு பண்ணா, நம்பர்ல வி.ஏ.ன்னு ரெண்டு எழுத்து தனியாப் போட்டுத் தருவாங்க, அதுக்கு 20 ஆயிரம் ரூபா கட்டணம். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பாக்க, இதுக்கு மட்டும்தான் ரோட்டுல ஓட்டலாம். அதாவது அந்தக் கார்ல அப்பாவை ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போனா சட்டப்படி குத்தம். கார் வாங்குறதே அதுக்குத்தான்!

அப்பதான் மூளையில ஒரு பல்பு எரிஞ்சுது. சாதாரண வண்டி, அதுக்குத் தேவையானதை விடப் பெரிய எஞ்சின், நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகுற விலை. இந்த மூணும் சேந்த வண்டி நம்ம ஊர்லயே செஞ்சாங்களே! மறைமலைநகர்ல செஞ்ச ஃபோர்டு ஐகான் 1.6. 1999 கடைசியில வந்துச்சு. 'ஜோஷ் மெஷின்'னு விளம்பரம் வருமே, ஞாபகம் இருக்கா? சின்ன உடம்பு, தொண்ணூறு குதிரைக்கு மேல. மாருதி 800 முப்பத்தேழு குதிரையோட ஓடிக்கிட்டிருந்த ரோட்டுல இது என்ன பாடு படுத்தியிருக்கும்னு யோசிங்க. பெட்ரோலைக் குடிக்கும்னு கெட்ட பேர் வேற. மசில் காருக்கு இதை விட என்ன அத்தாட்சி வேணும்? 1964 மஸ்டாங்கோட 101-ஐ மனசுல வைங்கன்னு சொன்னேன்ல? அன்னிக்கு அமெரிக்காக்காரன் குதிரைத்திறனை அளந்த விதம் கொஞ்சம் தாராளம், அதைக் கழிச்சுப் பாத்தா ரெண்டும் சொந்தக்காரங்கதான். அப்பாவோட செவர்லேயும் தொண்ணூறைச் சுத்திதான்.

தேட ஆரம்பிச்சேன். ஃபோர்டு 2021 செப்டம்பர்ல கடையை மூடுறோம்னு சொல்லி, 2022-ல மறைமலைநகர்ல கடைசி வண்டியும் இறங்கிருச்சு. அதனால பழைய ஃபோர்டுன்னா புரோக்கருங்க ஒரு மாதிரி பாக்குறாங்க. ஒருத்தர், “சார், மியூசியம் வைக்கப் போறீங்களா”ன்னே கேட்டார். கடைசியில திருச்சியில ஒரு 2001 மாடல், டிஎன் 45 நம்பர், ஒரே ஓனர், கருநீலம். ரிட்டயர்டு ஆசிரியர் வச்சிருந்தது. விலை தொண்ணூறாயிரம்.

தங்கமணிகிட்ட விஷயத்தைச் சொன்னேன். செப்டம்பர் 22-ல இருந்து சின்ன காருக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 ஆகுது, புது வண்டியே விலை குறையுது, ஊர்ல எல்லாரும் புதுசு பாக்குறப்ப நீங்க இருபத்தி நாலு வருஷப் பழசா பாக்குறீங்களேன்னு ஆரம்பிச்சாங்க. ஆர்.சி. புதுப்பிக்கவே இருபது வருஷம் தாண்டின காருக்குப் பத்தாயிரம் ஆக்கிட்டாங்களாமே, பெட்ரோல்ல இருபது சதவீதம் எத்தனால் கலக்குறாங்களே, அந்தக் காலத்து ரப்பர் பைப்பெல்லாம் தாங்குமான்னு அடுத்தடுத்து வந்துச்சு கேள்வி. எனக்குத் தெரியாம மோட்டார் விகடன் படிக்கிறாங்க போல. மிச்சம் ஆகுற ரெண்டரை லட்சத்தை பாப்பா படிப்புக்கு பேங்க்ல போடலாம்னு சொன்னதும் கொஞ்சம் அடங்குச்சு. “மாமாவை ஒரு தடவை உக்கார வச்சுப் பாருங்க, அப்புறம் பேசலாம்”னாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை மச்சான் வண்டியில அப்பாவைக் கூட்டிக்கிட்டு திருச்சி போனேன். வாத்தியார் வண்டியைக் கழுவித் துடைச்சு வாசல்ல நிறுத்தியிருந்தார். அப்பா பானெட்டைத் திறக்கச் சொன்னார். ஆயில் மூடியைக் கழட்டி உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பாத்தார். தண்ணி கலந்திருந்தா மோர் மாதிரி வெள்ளையா ஒட்டும், ஒட்டல. ரேடியேட்டரை எட்டிப் பாத்தார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, மெக்கானிக் தம்பிகிட்ட நீட்டு ஸ்குரூ டிரைவரை வாங்கி, முனையை எஞ்சின் மேலயும் பிடியைக் காதுலயும் வச்சுக்கிட்டு கண்ணை மூடிக்கிட்டார். டாக்டர் கெட்டார் போங்க. அந்த நேரத்துல அவருக்கு எழுபத்தஞ்சு வயசுன்னு யாரும் சொல்ல முடியாது.

“நல்லா வச்சிருக்காரு”ன்னார். அப்பா வாயில வர்ற பெரிய பாராட்டே அதுதான்.

நான் ஓட்டிப் பாத்தேன். ரெண்டாவது கியர்ல மிதிச்சப்ப முதுகு சீட்டுல ஒட்டுச்சு. எட்டு சிலிண்டர் இல்லதான், ஆனா நாலாயிரம் ஆர்பிஎம் தாண்டினதும் ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க... நான் முடிவு பண்ணிட்டேன். அட்வான்ஸ் குடுக்கப் பையில பத்தாயிரம் வேற தயாரா இருந்துச்சு.

அப்பாவை முன் சீட்டுல ஏத்தி ஒரு ரவுண்டு போனோம். ஏறுனப்ப சரியா கவனிக்கல, பொத்துன்னு உள்ள விழுந்த மாதிரி உக்காந்தார். திரும்பி வந்து நிறுத்தினதும் கதவைத் திறந்து காலை வெளிய வச்சார். எழுந்திருக்க முடியல. சீட்டு தாழ்வு. மேல கையை வச்சு இழுத்துப் பாத்தார், திரும்ப உக்காந்துட்டார். ரெண்டாவது தடவையும் அப்படியே. நான் இந்தப் பக்கம் இருந்து சுத்தி ஓடுறதுக்குள்ள மெக்கானிக் தம்பி கையைக் குடுத்துட்டான். மூணாவது தடவை எழுந்துட்டார். நெத்தியெல்லாம் வேர்வை. எழுந்ததும் மொதல் வேலையா என்னைப் பாத்து, “நல்ல வண்டி தம்பி, முடிச்சிரு”ன்னார்.

வாத்தியார்கிட்ட, போன் பண்றேன் சார்னு சொல்லிட்டுக் கெளம்பினோம். பத்தாயிரம் பையிலயே இருந்துச்சு.

கீரனூர்ல டீ குடிக்க நிறுத்தினோம். அப்பா கார்ல இருந்து இறங்கல, நான் டீயை எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன். அவரா ஆரம்பிச்சார். அந்த செவர்லே பத்து வருஷம் படுதாவுக்குள்ளயே கெடந்துச்சாம். 1983-ல முதலாளி வீட்டுல பாகம் பிரிச்சப்ப, எடைக்குப் போட்டுடலாம்னு முடிவு பண்ணியிருக்காங்க. பழைய இரும்புக்காரர் மூவாயிரத்து ஐநூறு சொன்னாராம். அதே விலைக்கு நானே எடுத்துக்கிறேங்கய்யான்னு அப்பா கேட்டிருக்கார். முதலாளியும் சரின்னுட்டார். அப்பா கையில ஆயிரத்து இருநூறு இருந்துச்சு. மீதிக்கு அம்மாவோட தோட்டைக் கேட்டிருக்கார்.

இது எனக்குத் தெரியவே தெரியாது. அம்மா உயிரோட இருந்த வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல.

“அம்மா என்ன சொன்னாங்க?”

“தோட்டைக் கழட்டிக் குடுத்துட்டா. வண்டியை எங்க நிறுத்துவீங்க, யார் பெட்ரோல் போடுவான்னு மட்டும் கேட்டா. உனக்கு அப்ப மூணு வயசு. நாம இருந்தது ஓட்டு வீடு, வாசல்ல ஒரு சைக்கிள் நிறுத்தத்தான் எடம். ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன். காலையில தோட்டைத் திருப்பிக் குடுத்துட்டேன்.”

லாரியில ஏத்துறப்ப அப்பா போய்ப் பாக்கலையாம். டீ கிளாசை என் கையில குடுத்துட்டு, “நீ அதெல்லாம் பாக்காத. என் காலுக்காகப் பாத்தீன்னா, நான் எத்தனை நாளைக்கு? முடிச்சிரு”ன்னார் மறுபடியும்.

வீடு வர்ற வரைக்கும் நான் ஒண்ணும் பேசல. மச்சான் பாட்டு போட்டான்.

அடுத்த மாசம் புதுக்கோட்டையிலயே, டிஎன் 55 நம்பர்ல, 2017 மாடல் வேகன் ஆர் வாங்குனோம். மூணு லட்சத்துப் பதினஞ்சாயிரம். பாக்குறதுக்கு இட்லிக்கடை அலமாரி மாதிரி இருக்கும். மூணு சிலிண்டர், 998 சிசி, 67 குதிரை. ஆனா சீட்டு உசரம். அப்பா கதவைத் திறந்து, திண்ணையில உக்கார்ற மாதிரி உக்காந்து, காலை உள்ள எடுத்து வச்சுக்கிறார். இறங்குறப்ப யாரும் கை குடுக்க வேணாம். முதல் தடவை திருச்சி ஆஸ்பத்திரி வாசல்ல அப்படி இறங்கி நின்னுட்டு, வண்டியை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, “இதுக்கு அதுவே தேவலாம்”னு சொல்லிட்டு உள்ள போனார். ஐகானைச் சொன்னாரா செவர்லேயைச் சொன்னாரான்னு நான் கேக்கல.

மாத்தூர் தாண்டி ரோடு நேரா வர்ற எடத்துல, “மிதிடா, எதுக்கு மாட்டுவண்டி மாதிரி ஓட்டுற”ம்பார். நான் மிதிப்பேன். மூணு சிலிண்டரும் சேந்து மிக்ஸி மாதிரி கத்தும். அவர் உடனே, “சத்தம் வருது, மூணாவது கியரை விட்டு மேல போடு”ம்பார்.

தங்கமணி இந்தப் பக்கம் எட்டிப் பாக்குறதில்லைங்கிற தைரியத்துல ஒண்ணு சொல்லிக்கிறேன். அந்த வாத்தியார் நம்பர் இன்னும் என் போன்ல 'எலினார் சார்'ங்கிற பேர்லதான் இருக்கு. போன வாரம் சும்மா, நலம் விசாரிக்கிற மாதிரி கூப்பிட்டேன். வண்டி இன்னும் போகலையாம். விலையை எண்பதாக் குறைச்சிருக்காராம்.